தோல் பதனிடும் சீமோனின் வீடு: விசுவாசமும் துணிவும் குறித்து ஒரு மறுவாசிப்பு

1

கிறிஸ்தவத் துணிவைப் பற்றித் தமிழில் நடக்கிற பேச்சுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அமைகின்றன. முதலில் விசுவாசம். விசுவாசம் வேர்பிடித்தால் துணிவு. துணிவு வந்துவிட்டால் செயல். உள்ளம் உறுதிப்பட்டால் கை தானாக நீளும் என்பது இதன் சாரம். ஏலகிரி மலையில் சபைகள் நடத்துகிற இளைஞர் முகாம்களில் கேட்கக் கிடைப்பதும் இதுவே. சிங்கக் கெபியில் தானியேல், அக்கினிச் சூளையில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, கல்லெறிபட்ட ஸ்தேவான். எல்லாரும் ராஜாக்களுக்கும் ஆலோசனைச் சங்கங்களுக்கும் முன்னால் நின்றவர்கள்.

முகாம் முடிந்து பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர். அந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பா டேனரியில் இருக்கிறார், அம்மா ஷூ கம்பெனியில் இருக்கிறார். இவர்கள் எந்த ராஜாவின் முன்னால் போய் நிற்கப்போகிறார்கள்? இவர்கள் நிற்கப்போவது தாலுகா ஆபீசில், சாதிச் சான்றிதழுக்காக. அந்த வரிசையில் நிற்கும்போது விசுவாசம் என்றால் என்ன, துணிவு என்றால் என்ன என்று மலைமேல் யாரும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்ல முயல்கிறேன். ஒன்று, 'விசுவாசம் - துணிவு - செயல்' என்ற வரிசை வேதப் பிரதிக்குள்ளேயே ஓரிடத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. இரண்டு, 'உள்ளத்தில் உறுதி' என்பதை நமது சமூகம் எல்லாருக்கும் பொதுவாக வைக்கவில்லை. அது சிலருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தோல் வேலை செய்கிறவருக்கு அந்தப் பட்டா மறுக்கப்பட்டே வந்திருக்கிறது.

2

அப்போஸ்தலர் நடபடிகளின் ஒன்பதாம், பத்தாம் அதிகாரங்களை எடுத்துக்கொள்வோம். பிரசங்கங்களில் இந்தப் பகுதிக்கு 'கொர்நேலியுவின் மனந்திரும்புதல்' என்று பெயர். ரோமப் படையின் நூற்றுக்கதிபதியான கொர்நேலியு பேதுருவை வரவழைக்கிறான். யூதரல்லாதவனின் வீட்டுக்குள் போகத் தயங்கும் பேதுருவுக்கு ஒரு தரிசனம் கிடைக்கிறது. சுத்தமானதும் அசுத்தமானதுமான மிருகங்கள் நிறைந்த ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது. தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற பாடம் பேதுருவுக்குப் போதிக்கப்படுகிறது. அவர் துணிந்து புறப்படுகிறார். நம்பிக்கை வந்தது, துணிவு வந்தது, செயல் நடந்தது. வரிசை சரியாகத்தான் இருப்பதுபோலத் தெரிகிறது.

ஆனால் தரிசனம் எங்கே நடந்தது? யோப்பாவில், தோல் பதனிடும் சீமோன் என்பவனின் மேல்வீட்டில். அந்த வீட்டில் பேதுரு ஏற்கெனவே பல நாட்கள் தங்கியிருந்தார் என்று ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. தரிசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது பேதுருவுக்குப் பசி. கீழே சமையல் நடக்கிறது. யார் வீட்டு அடுப்பு? சீமோன் வீட்டு அடுப்புதான்.

யூத மரபில் தோல் பதனிடுகிறவனின் இடம் எதுவென்று மிஷ்னாவைப் பார்த்தால் தெரியும். ஏறத்தாழ கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டத் தொகுப்பு, தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்கவேண்டும், அதுவும் கிழக்குப் பக்கம் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. தோல் வேலைக்காரன் என்று தெரிந்தே கல்யாணம் செய்துகொண்ட பெண்கூட, பிறகு நாற்றம் தாங்கமுடியவில்லை என்று விலகிப்போக வழி விடுகிறது. காற்றடிக்கிற திசையைப் பார்த்து ஒரு தொழிலுக்கு எல்லை போடுகிற இந்த ஏற்பாடு நமக்கு ஒன்றும் புதிதில்லை. இரண்டும் அச்சாக ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே தொழிலை விட்டால் விலக்கும் விட்டுப்போகும். இங்கே தொழிலை விட்டாலும், ஊரை விட்டாலும், மதத்தையே விட்டாலும் சாதி பின்னாலேயே வரும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பிடக்கூடாது.

ஆனால் பிரதி சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். பேதுரு முதலில் தோல் நாறுகிற வீட்டில் தங்கினார், அங்கே சாப்பிட்டார், தூங்கினார். எதுவும் தீட்டில்லை என்ற உறுதி அதற்கப்புறம்தான் அவருக்குக் கிடைத்தது. செயல் முன்னாலும் விசுவாசம் பின்னாலும் வருகிறது. கூடி வாழ்ந்ததிலிருந்து பிறந்த கருத்து அது. வானத்திலிருந்து துப்பட்டி இறங்குவதற்கு முன்பே, பல நாட்களாக, சீமோன் வீட்டுச் சாப்பாடு அவர் வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இதைவிட முக்கியமானது சீமோனின் மௌனம். அவனுடைய பெயர் தொழிலோடு சேர்ந்து மூன்று இடங்களில் வருகிறது. கொர்நேலியுவுக்குத் தோன்றும் தேவதூதனே, கடலோரம் தோல் பதனிடும் சீமோன் வீடு என்று விலாசம் சொல்கிறான். ஆனால் சீமோன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கொர்நேலியு அனுப்பிய மூன்று பேரை பேதுருதான் உள்ளே அழைத்துத் தங்கவைக்கிறார். வீட்டுக்காரனிடம் கேட்டாரா என்று பிரதி சொல்லவில்லை. பதினோராம் அதிகாரத்தில், எருசலேமில் இருந்தவர்கள் குற்றம் சாட்டும்போது, பேதுரு நடந்ததையெல்லாம் திரும்பச் சொல்கிறார். யோப்பா பட்டணத்தில் இருந்தேன் என்கிறார், நான் இருந்த வீடு என்கிறார். தோல் பதனிடுகிறவன் காணாமல் போய்விடுகிறான். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு முன்னால் கதை சொல்லும்போது படைத்தலைவன் கதைக்குள் நிற்கிறான், தோல்காரன் விழுந்துவிடுகிறான். கிறிஸ்தவத் துணிவு பற்றிய சொல்லாடல் முழுவதிலும் இந்த விடுபடல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

3

நம்முடைய பகுதியில் துணிவுக்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் முதலில் காட்ட வேண்டியது திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை. 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கியது. இந்தியாவில் சீர்திருத்தச் சபையினர் அமைத்த முதல் ஆசிரமம் இதுவே என்பார்கள். இருவரும் டாக்டர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் கட்டினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன்.

வெள்ளைக்கார மிஷனரி ஒரு தட்டு, இந்திய ஊழியர் கீழே இன்னொரு தட்டு என்று மிஷன் பங்களாக்கள் இயங்கிய காலம் அது. சம்பளத்திலும் சாப்பாட்டு மேசையிலும் நிறம் பார்த்த அந்த அமைப்புக்கு எதிராக, ஒரு தமிழரும் ஒரு வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பியாக வாழ்ந்து காட்டினார்கள். தமிழர் பெரியண்ணன், வெள்ளையர் சின்னண்ணன் என்பதிலேயே ஒரு அரசியல் இருக்கிறது. 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீஸ் தடியால் அடித்தது, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. லண்டன் நாடாளுமன்றம் வரை அது கேள்வியாயிற்று. அடிவாங்கும் துணிவு அவருக்கு அன்றைக்குக் காலையில் திடீரென்று வந்ததில்லை. பதினோரு வருஷம் திருப்பத்தூரில் பெரியண்ணனுடன் வாழ்ந்ததிலிருந்து வந்தது. நான் சொன்ன தலைகீழ் வரிசைக்கு இவர்களும் சாட்சி.

இதே காலத்தில் இன்னொரு தமிழ்க் கிறிஸ்தவரான ஜே.சி.குமரப்பா, சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு விரோதமா என்று கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டுடன் வாதாடினார், சிறைக்கும் போனார். தம் பெயரிலிருந்த கொர்நேலியஸ் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டுக் குமரப்பா ஆனவர் அவர். இந்த மூன்று பேரையும் சிறிதாக்கிப் பேசுவது என் நோக்கமில்லை. ஆட்சிக்கும் சபைக்கும் ஒரே நேரத்தில் பிடிக்காதவர்களாக இருப்பது சாதாரணமான காரியமில்லை.

ஆனால் இவர்களுடைய துணிவு எந்த வகை என்று கேட்க வேண்டும். இது துறவின் துணிவு. துறப்பதற்குக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். பேட்டனுக்கு அலோவா ஊரின் நூற்பாலைக் குடும்பத்துச் செல்வம் இருந்தது, ஏசுதாசனுக்கு டாக்டர் பட்டமும் அது தரக்கூடிய வாழ்வும் இருந்தன, குமரப்பாவுக்குக் கணக்குத் தணிக்கைத் தொழில் இருந்தது. கோட்டைக் கழற்றிக் கதர் போட்டால் அது தியாகம். ஆரம்பத்திலிருந்தே அரைத்துணியோடு சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர் எதைக் கழற்றிக் காட்டுவார்?

ஆசிரமத்தின் ஜெபாலயத்தையும் இப்படியே பார்க்கலாம். 1930களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அந்த ஆலயம் திராவிடக் கோயிற் பாணியில், கோபுரத்துடன் நிற்கிறது. ஐரோப்பிய ஊசிக்கோபுரத்தை மறுத்த விதத்தில் இது துணிவான கட்டடம். தலித் இறையியலாளர்கள் பிற்பாடு ஆசிரம இயக்கத்தின்மேல் வைத்த விமர்சனமும் இங்கேதான் பொருந்துகிறது. இந்தியத்தன்மையைத் தேடியவர்கள் கோயிலையும் துறவையும் எடுத்துக்கொண்டார்கள், பறையையும் சேரியையும் எடுக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்தது 1939இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய ஒரு கோபுரம் திருப்பத்தூரில் எழுந்திருக்கிறது. உள்ளே போன ஒரு தலித் கிறிஸ்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கட்டியவர்கள் 'இந்தியக் கலை' என்று கண்ட இடத்தில், நுழைந்தவர் வேறொன்றைக் கண்டிருக்கலாம். அந்த இரண்டாவது வாசிப்பு நமக்கு எழுத்தில் கிடைக்கவில்லை. சீமோன் பேசவில்லை என்பதற்கு இது இன்னொரு உதாரணம்.

4

இந்த மௌனம் தானாக வந்ததில்லை. தலித்துக்கு 'உறுதியான நம்பிக்கை' என்ற ஒன்று இருக்கமுடியும் என்பதையே அதிகாரங்கள் மாறிமாறி மறுத்து வந்திருக்கின்றன.

முதல் மறுப்பு மிஷன் வட்டாரங்களுக்குள்ளேயே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சங்களை ஒட்டி சேரிகள் கூட்டங்கூட்டமாக மதம் மாறியபோது, 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்ற பெயரைச் சூட்டினார்கள். சோற்றுக்காக வந்தவர்கள், கருத்துக்காக வரவில்லை என்பது பொருள். பசித்தவன் பசியைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கக்கூடும், தன்னை நாயாக நடத்தாத ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தீர்மானம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பேதுருவுக்கும் பசியில்தான் தரிசனம் வந்தது. அவரை யாரும் அரிசி அப்போஸ்தலர் என்று சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு காந்தியிடமிருந்து வந்தது. அம்பேத்கரின் மதமாற்ற அறிவிப்பை ஒட்டி விவாதம் சூடாக இருந்த 1936இல், அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மோட்டிடம் பேசும்போது காந்தி, பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்கிற மாதிரி கேட்டார். ஹரிஜனங்களுக்கு மதங்களை ஒப்பிட்டுத் தேர்கிற அறிவு இல்லை என்பது அவர் வாதம். பேட்டனும் குமரப்பாவும் யாருடைய கதரைக் கட்டினார்களோ அவரே சொன்னது இது. ஏசுதாசனின் விசுவாசம் காந்திக்கு மரியாதைக்குரியது, சேரிக்காரரின் விசுவாசம் ஏமாந்ததன் விளைவு.

மூன்றாவது மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

5

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தில் இருப்பவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் வெளியிலேயே விடப்பட்டார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும்.

இந்த ஆணை தோலோடு நேராக மோதிய இடம் ஒன்று உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடர் தொடுத்த வழக்கு. 1982இல் அரசு, சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலைத் தைத்தவர்களுக்குக் கடை கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் கிறிஸ்தவர். ஒரே சாதி, ஒரே ஊசி, ஒரே நடைபாதை. 1985 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே அளவு கொடுமை புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது தீர்ப்பு.

சூசை என்ன செய்திருக்க முடியும்? விண்ணப்பத்தில் 'இந்து' என்று எழுதியிருக்கலாம். ஊரில் ஆயிரம் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் தம் பெயரோடும் மதத்தோடும் கோர்ட்டுக்குப் போனார். தானியேலின் சன்னல் திறந்திருந்ததைப் பிரசங்கிக்கிறவர்கள் இந்த வழக்கைப் பிரசங்கித்துக் கேட்டதுண்டா?

2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஞானஸ்நானம் பெற்ற, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த வழக்கு. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றது உச்சநீதிமன்றம். மிஷனரி, மகாத்மா, நீதிமன்றம்: மூன்று குரலும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. உன் மதம் வயிற்றுக்காக. உனக்கு உள்ளம் என்று ஒன்று கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், நேர்மை இரண்டு பக்கமும் ஒரே ஆளிடம்தான் கேட்கப்படுகிறது. நீ உண்மையாகவே இந்துதானா என்று அரசு கேட்கிறது. நீ உண்மையாகவே கிறிஸ்தவன் என்றால் சர்டிபிகேட்டில் ஏன் இந்து என்று சபை கேட்கிறது. இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் ஒரே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு விசுவாசத்தை அறிக்கையிட ஒரு காசு செலவில்லை. செலவில்லாத இடத்தில் நின்றுகொண்டு, செலவு செய்ய முடியாதவனைப் பார்த்து 'மாய்மாலக்காரன்' என்பது எந்த ஊர் துணிவு?

6

நண்பர்கள் கேட்கலாம்: அப்போ பொய் எழுதச் சொல்றியா? இதுதான் உன் மறுவாசிப்பா?

இல்லை. ஒரு சட்டம் மனிதனைப் பொய் சொல்ல வைக்கிறதென்றால் விசாரிக்க வேண்டியது சட்டத்தை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 2004இல் உச்சநீதிமன்றத்துக்குப் போன வழக்கு இருபது வருஷத்தைத் தாண்டியது. பேராயர்கள் அறிக்கை விடுகிறார்கள், வருஷத்துக்கு ஒருநாள் கறுப்புக்கொடி காட்டுகிறார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசு தர மறுத்ததை சபை தன் கையிலிருந்து தர முடியுமே, தந்திருக்கிறதா என்பதே கேள்வி. கல்லூரியும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நிலமும் சபைகளிடம் இல்லாமலில்லை. இந்தத் தோல் பகுதியிலேயே அவை நிறைய உண்டு. அங்கே வேலையும் இடமும் தலித் கிறிஸ்தவருக்கு எவ்வளவு என்ற கணக்கை சபைகள் தாமாக முன்வந்து வெளியிடட்டும். சூசைக்கு அரசு ஒரு பெட்டிக்கடையைத்தான் மறுத்தது. சபையிடம் அதைவிடப் பெரிய கட்டடங்கள் இருக்கின்றன.

டி.செல்வராஜின் 'தோல்' (2010) நாவல் இங்கே நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட வரலாற்றை எழுதிய நாவல், 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் மையமாக நிற்கும் தொழிலாளியின் பெயர் ஓசேப்பு, யோசேப்பின் பேச்சு வடிவம். பெயரைத் தந்தது கிறிஸ்தவம், ஆனால் துணிவுக்கு மொழி தந்தது செங்கொடி. முற்போக்குத் தோழர்கள் இதை மதத்தின் தோல்வி, வர்க்க உணர்வின் வெற்றி என்று எளிதாக முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல் தொட்டிக்குப் பக்கத்தில் போய்த் தங்கியவர்கள் யார் என்பதே கேள்வி. அன்றைக்குத் தோழர்கள் போய்த் தங்கினார்கள். தங்கியவர்களுக்குத் துணிவும் வந்தது, கருத்தும் வந்தது. தங்காதவர்களுக்குப் பிரசங்கம் மட்டும் மிச்சமாயிற்று. சங்கங்களும் பிற்பாடு சாதியைப் பற்றி எவ்வளவு பேசின என்பதை இதே அளவுகோலால் தனியாக விசாரிக்க வேண்டும்.

வேலூர்ப் பகுதிக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் பல விஷயங்கள் கண்ணில் படுகின்றன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போன கணக்கு பதிவாயிற்று. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்த வழக்கில்தான். 2015 ஜனவரி 31 விடியலில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சகதியில் மூச்சடைத்துச் செத்தார்கள். ஆறு செத்துப்போவதை எதிர்த்தால் வேலை போகும். வேலையைக் காப்பாற்றினால் கிணறு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற தொழிலாளியிடம் போய் 'திடமனதாயிரு' என்று சொல்வதில் பொருளில்லை. அவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு மாதம் குடித்துவிட்டு அந்த வசனத்தை எடுத்தால் அதற்கு ஏதாவது பொருள் வரலாம்.

ஆகவே துணிவைப் பற்றிய கேள்வியை இடம் பற்றிய கேள்வியாக மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. போதகர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? சபை விருந்தில் யார் வீட்டுக் கறி வேகிறது? திருவிருந்துக் கிண்ணத்தை யார் கடைசியாக வாங்குகிறார்? கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா? இவற்றுக்குச் சரியான பதில் இருக்கிற சபைக்குத் துணிவைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது. பதில் இல்லாத சபைக்கு எத்தனை தானியேல்களும் போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையும் சீமோனைப் பற்றிப் பேசியிருக்கிறதே தவிர, சீமோனைப் பேசவைக்கவில்லை. ஒரு கட்டுரையால் அது முடியாது. தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று, விண்ணப்பத்தின் மதம் என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் எழுத வேண்டும். 'இந்து' என்று எழுதியவர்களும் எழுதட்டும், 'கிறிஸ்தவர்' என்று எழுதி இழந்தவர்களும் எழுதட்டும். எது விசுவாசம், எது துணிவு என்பதை அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு மறுபடி விவாதிக்கலாம்.